ஃபிளாஸ்கில் இருந்தது

இந்த ஃபிளாஸ்கின் மூடியைச் சும்மா திருகினால் திறக்காது, மேடம். முதலில் கொஞ்சம் அழுத்த வேண்டும், அப்புறம் திருக வேண்டும். உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் தேய்ந்துபோய்விட்டது. புது வளையம் ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கிவந்தார். அது உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. நாளைக்கு மாற்றிவிடலாம் என்றார்.

உங்கள் ஆள் விசாரணைக்குக் கூப்பிட வராவிட்டாலும் இன்று நானே வந்திருப்பேன். கம்பெனி வக்கீல் கொடுத்திருக்கிற புகாரை என் நாத்தனார் வாசித்துக் காட்டினாள். ஆற்றங்கரையில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்தவர் உண்மையில் உண்ணாவிரதம் இருக்கவில்லை என்கிறார் வக்கீல். சாயங்காலம் ஆனால் மனைவி ஃபிளாஸ்கில் உணவு கொண்டுபோனாள், அதற்குப் படம் இருக்கிறது. செத்தவர் உடம்பில் சர்க்கரை மாத்திரை இருந்தது, வெறும் வயிற்றில் அதை யாரும் கொடுக்கமாட்டார்கள். அதனால் அவர் சாப்பிட்டிருக்கிறார், தன் வியாதியால் செத்திருக்கிறார். ஆகவே இந்த விரதத்தைக் காட்டி கம்பெனியிடம் வாங்கிய சம்மதம் ஏமாற்றி வாங்கியது, அது செல்லாது, கரையில் கம்பெனி வீடு கட்டும். இதுதான் புகார். வக்கீல் கெட்டிக்காரர். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கே நம்பத் தோன்றியது.

ஆனால் அது உண்மை இல்லை. அவர் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரரைத் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டவர் என்று யாரும் எழுதிவைக்கக்கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன். அவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியவள் நான். நான் கொடுக்கவில்லை. என்னைவிட இதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் யார் இருக்கிறார்கள்?

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அவர் பெயிண்டர். எங்கள் கரைத் தெருவில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். குழந்தைகள்கூட 'நாளைக்கு மாமா' என்றுதான் கூப்பிடும். கோபித்துக்கொள்ளவே மாட்டார். எங்கள் வீட்டு முன்சுவரில் வலது பாதிக்கு நீலம் அடித்தார். இடது பாதி, கல்யாணம் ஆகி நான் வந்தபோது இருந்த அதே அழுக்கு மஞ்சள். ஒருமுறை ஒரு படகுக்குப் பெயிண்ட் அடிக்க ஒத்துக்கொண்டு, கரையிலிருந்து தெரிகிற பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு வந்துவிட்டார். அக்கரைக்காரர்களுக்கு அது வேறு படகு என்று தெருவே சொல்லிச் சிரித்தது. அவரும் சிரித்தார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு நாள் கை நீட்டியதில்லை, ஒரு நாள் தட்டைத் தள்ளியதில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் பிழைப்பு முழுக்கப் பழங்கஞ்சிதான். சூடாக ஒன்றும் கைக்கு வந்து சேரவில்லை.

நான் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறேன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் கரைத் தெரு முழுவதும் தெரியும். வரிசையாக ஓட்டு வீடுகள், பின்னால் படிக்கட்டுகள், படிக்கட்டில் துவைக்கிற பெண்கள். கம்பெனிக்காரர்கள் முதலில் வந்தபோது ஒரு வழவழப்பான படப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் எங்கள் தெரு இல்லை. பதினைந்து மாடிக் கட்டடங்களும் புல்வெளியும் இருந்தன. என் அடுப்பங்கரை இருக்கிற இடத்தைத் தேடிப் பார்த்தேன். அங்கே வெள்ளைச் செருப்புப் போட்ட ஒருத்தி நாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். எல்லோரும் கொதித்துப் பேசினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் நிற்கிற இடத்தில்தான் என் அரிசிப் பானை இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

கரைக் காப்புக் குழு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைத் தம்பிதான் தலைவர். நல்ல பையன், வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன். மனு கொடுத்தோம். ஊர்வலம் போனோம். கடைசியில் பந்தல் போட்டுத் தொடர் உண்ணாவிரதம் ஆரம்பித்தோம், ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று முறை வைத்து.

இதில் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது, மேடம். யாரும் பேசி வைத்ததில்லை. பொழுது சாயும்போது வீட்டுப் பெண்கள் ஃபிளாஸ்கும் பையுமாக வருவோம். பந்தலின் பின்பக்கம் ஒரு தார்ப்பாய் மறைப்பு உண்டு. உண்ணாவிரதக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே வருவார்கள். அந்த நேரத்தில் பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பார்கள். ஆற்றில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஏதோ கப்பல் வரப்போவதுபோல உற்றுப் பார்ப்பார்கள். சாப்பிடுகிறவன் வாயைப் பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பசித்தவன் ஒரு வாய் சாப்பிட்டால் அது குற்றமும் இல்லை, அதைப் பார்ப்பதுதான் குற்றம் என்று நினைத்தோம். பிற்பாடு என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபோது கம்பெனிக்காரன் அக்கரையிலிருந்து எடுத்த படத்தை நீங்களே காட்டினீர்கள். கூட்டம் முழுக்கக் குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல நேராக அவன் கேமராவைப் பார்த்து நிற்கிறது. நான் ஒருத்தி மட்டும் முதுகு காட்டி மறைப்புக்குள் போகிறேன், கையில் இதே ஃபிளாஸ்க்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விஷயம் அக்கரை வரைக்கும் பரவியது. 'சாயங்கால விரதம்' என்று பெயர் வைத்தார்கள். என் ஜன்னலில் கை நீட்டி டிக்கெட் வாங்குகிறவர்கள், "என்னக்கா, இன்னிக்கு விரதத்துல என்ன சமையல்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கம்பெனி கற்களை இறக்க ஆரம்பித்தது.

படகுக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். மருந்துக்கடைத் தம்பி எழுந்து, "இனிமே இந்த முறைவச்சு உக்கார்றதெல்லாம் எடுபடாது. சாகும்வரைன்னு ஒருத்தர் உக்காரணும். அப்பதான் மதிப்பான்" என்றார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"எங்க வீட்டுக்காரர் உக்காருவார்" என்றேன்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். அவர் பின்வரிசையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று தெரியாமல் அவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், "என்னம்மா, என்னைக் கேக்காமலே என்னைத் தூக்கிக் குடுத்துட்டியே" என்றார். கோபமில்லை, வியப்பு.

"சும்மா உக்காருங்க. சாயங்காலம் நான் கஞ்சி கொண்டு வரேன். எல்லாரும் ஆத்தைப் பாப்பாங்க."

"அப்போ கொஞ்சம் கெட்டியா வை. நீ வைக்கிற கஞ்சியில கப்பல் விடலாம்."

அதுதான் எங்களுக்குள் பேச்சு. அதை நம்பித்தான் அவர் உட்கார்ந்தார். அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா என்று தெரியாது. நான் நம்புகிறேன்.

முதல் நாள் கெட்டியாகத்தான் வைத்தேன். ஃபிளாஸ்கில் ஊற்றி, உப்பு சரி பார்த்து, எடுத்துக்கொண்டு போனேன். பந்தலில் இரண்டு தெருக் கூட்டம் இருந்தது. அவர் மேடையில் தலையணையில் சாய்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பாடு எங்க ஓடிப்போயிடப்போவுது, நாளைக்கு சாப்பிட்டுக்கலாம்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி சொன்னாள்: "இவராவது சாகும்வரை இருக்கிறதாவது. நாளைக்கு எந்திரிச்சுப் போய் தின்னுட்டு வந்து உக்காருவார்." இன்னொருத்தி, "பாதிச் சுவர் அடிச்ச மாதிரி பாதி விரதம்" என்றாள்.

நான் வந்த வழியே திரும்பினேன். வீட்டில் உட்கார்ந்து கஞ்சியைத் தட்டில் ஊற்றி நானே சாப்பிட்டேன். உணவை வீணாக்கக்கூடாது. ஃபிளாஸ்கைக் கழுவி வெந்நீர் ஊற்றிக்கொண்டு மறுபடி போனேன்.

மறைப்புக்குள் அவர் ஆவலாகக் கையை நீட்டினார். மூடியைத் திறந்து கொடுத்தேன். ஆவியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கரையில கேமரா வச்சிருக்கான். இன்னிக்கு வேணாங்க. நாளைக்கு" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். "நாளைக்குப் பாத்துக்கலாம்."

கேமரா இருந்தது உண்மை. நான் சொன்னதில் பொய் இல்லை. தார்ப்பாய்க்குள் கேமரா பார்க்காது என்பது வேறு விஷயம், அதை அவர் கேட்கவில்லை.

மாத்திரையைக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். அவருக்கு வெகுநாளாகச் சர்க்கரை. மாத்திரை டப்பா என் கைப்பையில்தான் இருக்கும். அவரிடம் கொடுத்தால் நாளைக்குப் போட்டுக்கொள்வார். உண்ணாவிரதம் ஆரம்பிக்கும் முன் மருந்துக்கடைத் தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான். வயித்துல ஒண்ணும் இல்லாம போட்டா சர்க்கரை கீழ விழுந்துடும், ஆளே போயிடுவாங்க. சாப்பிடலைன்னா மாத்திரையும் வேணாம். புரிஞ்சுதா?" என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டினார். "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே." புரிந்தது என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் வெந்நீர் கொடுத்த கையோடு மாத்திரையையும் கொடுத்தேன். கைப்பழக்கம். பந்தலை விட்டு வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்காக ஓடிப்போய் எதையாவது ஊட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. மறுநாள் காலை அவர் கண்விழித்து, வியர்த்து, தலை சுற்றுகிறது என்று சொன்னார் என்றார்கள். ஆனால் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கொடுத்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தியிருந்தால் மருந்துக்கடைத் தம்பிக்குத் தெரிந்துவிடும். அவர் தினமும் வழியில் நிறுத்தி, "மாத்திரை குடுத்தாச்சா?" என்பார். குடுத்தாச்சு என்பேன். அவர் முகம் தெளிந்துவிடும். மாத்திரை போயிருக்கிறது என்றால் சாப்பாடு போயிருக்கிறது. அப்படித்தான் குழுவில் எல்லோரும் கணக்கு வைத்திருந்தார்கள். கம்பெனி வக்கீலும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். ஒரு மனைவி இந்த மாத்திரையைக் கையில் எடுத்தால் மற்றக் கையில் கஞ்சி இருக்கும் என்று ஊர் முழுக்க நம்புகிறது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பேச்சு குழறியது. கூட்டம் அதைப் பார்த்துக் கண்கலங்கியது, குழுக்காரர்கள் மட்டும் தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள். ஒருமுறை சங்க ஆண்டுவிழா நாடகத்தில் அவர் பிணமாக நடித்து, நடுவில் தும்மிவிட்டார். அதிலிருந்து அவர் நடிப்பு எங்கள் தெருவில் பெரிய வேடிக்கை. "பரவாயில்லையே, இந்தத் தடவ தும்மாம நடிக்கிறாரே" என்று மருந்துக்கடைத் தம்பி என் காதில் சொன்னார். நானும் சிரித்தேன்.

காலையில் ஒரு டாக்டர் வந்து பார்ப்பார், இளைஞர், எங்கள் பக்கத்து ஆள்தான். அவர் மூன்றாம் நாள் என்னை ஓரமாக அழைத்து, "மறைக்காம சொல்லுங்கம்மா, உள்ள ஏதாவது போவுதா?" என்று கேட்டார்.

"போவுது டாக்டர்" என்றேன்.

வெந்நீர் போனது, மாத்திரை போனது. நான் பொய் சொல்லவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு மரியாதையாக ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே தங்கை. அண்ணன் மேல் உயிர். அன்று மத்தியானம் முந்தானைக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்துக்கொண்டு வந்தாள். மேடையருகில் போவதற்குள் நான் கையைப் பிடித்தேன்.

"ஆளாளுக்குக் குடுத்தா வயித்துக்கு ஒத்துக்காது. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"சாப்பிடறாரா அண்ணி? மொகம் ஒரு மாதிரி இருக்கே."

"கெட்டியாத்தான் குடுக்கறேன். போய் வேலையைப் பாரு."

அவள் என்னை நம்பித் திரும்பிப் போனாள். மேடையிலிருந்து அவர் அவள் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். மானம், குலம், கல்வி என்று வரிசையாகச் சொல்வார்கள். அவருக்கு ஒன்றும் பறக்கவில்லை, மேடம். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். "என் பொண்டாட்டி எனக்குச் சோறு குடுக்கல" என்று மைக்கில் ஒரு வார்த்தை. மைக் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை. அதனால்தான் அது அவருடைய உண்ணாவிரதம்தான் என்கிறேன். நான் கூட இருந்தேன், அவ்வளவுதான்.

கடைசிச் சாயங்காலம் அவரால் தானாக எழுந்து மறைப்புக்கு வர முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, வழக்கம்போல ஆற்றைப் பார்க்கப் போனார்கள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நான் மூடியை அழுத்தித் திருகினேன்.

"இன்னிக்கும் வெந்நீர்தானா?"

"ஆமாங்க. நாளைக்கு."

சிரிக்கப் பார்த்தார். "என் வார்த்தையை நீ எடுத்துக்கிட்டே."

நான் மாத்திரையை எடுத்தேன். அவர் வாயைத் திறந்தார், குழந்தைபோல. விழுங்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"தங்கச்சிகிட்ட கேக்கலாம்னு நேத்து நெனச்சேன்" என்றார். "அவ ஓடிப்போய் கொண்டு வந்துடுவா. ஆனா அப்புறம் உன்னை எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. நீ வேற அந்த ஜன்னல்ல ஒக்காந்து நாலு பேருக்கு மொகம் காட்டணும். அதான் விட்டுட்டேன்."

நான் ஃபிளாஸ்கை மூடினேன்.

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்போ சரி" என்றார்.

எனக்கு அப்போது ஏதாவது தோன்றும் என்று நின்றேன். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையதுபோலவே இருக்காது அல்லவா? உள்ளே அப்படி இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. அழுகை வரும் என்று வீட்டில் காத்திருந்தேன். வரவில்லை. கஞ்சி அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது, அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிந்து நான் பந்தலுக்குப் போனபோது நாத்தனார் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் போய்விட்டிருந்தது. டாக்டர் கையை விட்டுவிட்டு எழுந்தார். குழுக்காரர்களில் இரண்டு பேர் இன்னும் தும்மலுக்காகக் காத்திருப்பதுபோல அவர் முகத்தையே பார்த்தார்கள். மருந்துக்கடைத் தம்பி ஒரு டம்ளர் ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அது கொஞ்சம்கூடச் சாயாமல் இருந்ததை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டு கரையும் திரண்டு வந்தது. 'சாயங்கால விரதம்' என்று சிரித்தவர்கள் வரிசையில் நின்று அவர் காலைத் தொட்டார்கள். கம்பெனி கற்களை அள்ளிக்கொண்டு போனது. கரையில் இனி எதுவும் கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. தெருவுக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். 'நாளைக்கு' இல்லை, அவர் அம்மா அப்பா வைத்த பெயரை. குழந்தைகளுக்கு அது யார் என்று இப்போது சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் சுவரின் இடது பாதிக்கும் பக்கத்துத் தெருப் பையன்கள் நீலம் அடித்துவிட்டார்கள். நிறம் சரியாக ஒத்துப்போகவில்லை, இருந்தாலும் முழுச் சுவர். வேலை முடிந்து வரும்போது தூரத்திலிருந்தே தெரிகிறது.

அவர் வாழ்க்கையில் எடுத்த காரியம் ஒன்று முழுசாக முடிந்தது. கரை பிழைத்தது. இரண்டு விதமான நன்மை. ஒரு மனிதர் எப்படியும் ஒரு நாள் போகத்தான் வேண்டும், போவது எதற்காவது பயன்பட்டால் நல்லது என்று நான் நினைத்தேன். கரைக்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

மருந்துக்கடைத் தம்பி எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

ஆமாம். அந்தக் கடைசி நாள் மத்தியானமே அவர் என் டிக்கெட் ஜன்னலுக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஜெயிச்சுட்டோம். கம்பெனி ஒத்துக்கிட்டான். காலையில பெரிய அதிகாரி வந்து, அவர் கையால அண்ணனுக்கு ஜூஸ் குடுத்து முடிச்சு வைக்கப்போறார். கேமராவெல்லாம் வருது. அதுவரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, சந்தோஷத்துல எந்திரிச்சு ஓடிப்போயிடுவார். இன்னிக்கு ஒரு வேளை மட்டும் நல்லா குடுத்துடுங்கக்கா" என்றார். கண்ணில் நீர் இருந்தது அவருக்கு. நான் மீதிச் சில்லறையை எண்ணி வரிசையில் நின்றவருக்குக் கொடுத்துவிட்டு, சரி தம்பி என்றேன்.

கரை அப்போதே பிழைத்துவிட்டது, மேடம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாயங்காலம் கஞ்சி வைத்தேன், தெரிந்துதான் அதை அடுப்பிலேயே விட்டுவிட்டு வெந்நீர் கொண்டுபோனேன். மாத்திரை எப்போதும் ஒன்று. அன்று இரண்டு கொடுத்தேன். தடுமாற்றத்தில் கை தவறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். கை தவறவில்லை.

மறுநாள் காலை அவர் எழுந்திருப்பார். எல்லோரும் தோளில் தூக்கியிருப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, திரும்பவும் அந்தச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஜூஸைக்கூட முழுசாகக் குடித்திருக்கமாட்டார். பாதியைக் குடித்துவிட்டு, மீதி நாளைக்கு என்று என் கையில் கொடுத்திருப்பார்.